மோட்டார் கேமராவுக்கு மென்பொருள்: படம் வருகிறது, அசைவு ஏன் வரவில்லை?

கேமராவை வாங்கி மாட்டியாயிற்று. கைபேசிச் செயலியில் அம்புக்குறியைத் தொட்டால் அது சொன்ன பக்கம் திரும்புகிறது. அதே கேமராவைக் கணினியில் வி.எல்.சி பிளேயரில் திறந்தால் படம் நன்றாக ஓடுகிறது, திருப்புவதற்கு மட்டும் வழியில்லை. பழைய டி.வி.ஆர் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. மெனுவில் பி.டி.இசட் என்று ஒரு பக்கம் இருக்கும். அது நெறிமுறை (கட்டளை மொழி), பாட் வேகம் (நொடிக்கு எத்தனை பிட்டு போகிறது என்பது), முகவரி என்று வரிசையாகக் கேட்கும். எதைப் போட்டாலும் கேமரா அசையாது. கடையில் விசாரித்தால் “எங்க ஆப்லயே பாத்துக்கோங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு குழப்பத்துக்கும் காரணம் ஒன்றுதான்: படம் வரும் வழி வேறு, கட்டளை போகும் வழி வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த மென்பொருளைத் தேடுவது, கிடைக்காவிட்டால் எப்படி எழுதுவது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரியத் தொடங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இத்தகைய மென்பொருளைப் பார்க்கும்போது கேமராவை எவ்வளவு நன்றாகத் திருப்புகிறது என்றுதான் எல்லோரும் கவனிக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, அதை நேரத்துக்கு நிறுத்துகிறதா என்பதை. தேரை நகர்த்த ஊரே வடம் பிடிக்கலாம். அது சரியான இடத்தில் நிற்பது முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. கேமரா மென்பொருளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி அந்த முட்டுக்கட்டைக் கோளாறுதான்.

## மூன்று அசைவு, இரண்டு வழி

பி.டி.இசட் என்ற மூன்றெழுத்து மூன்று அசைவுகளைக் குறிக்கிறது: பான் என்பது இடவலமாகத் திரும்புவது, டில்ட் என்பது மேலும் கீழும் சாய்வது, ஜூம் என்பது லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். வீடுகளில் அதிகம் விற்கும் சின்ன வைஃபை கேமராக்களில் முதல் இரண்டு மட்டுமே இருக்கும். அவற்றின் செயலியில் ஜூம் என்று ஒன்று இருந்தாலும் அது படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். அதில் புதிய விவரம் எதுவும் கிடைக்காது. எந்த மென்பொருளாலும் இல்லாத மோட்டாரை ஓட்ட முடியாது என்பதால், வாங்கும்போதே ‘ஆப்டிகல் ஜூம்’ என்று போட்டிருக்கிறதா எனப் பார்ப்பது நல்லது.

நெட்வொர்க்கில் இணையும் ஐ.பி கேமராக்களில் படம் பெரும்பாலும் ஆர்.டி.எஸ்.பி என்ற வழியில் வருகிறது. வழக்கமாக 554-ஆம் போர்ட் (கருவிக்குள் நுழைய எண்ணிட்ட வாசல்). வி.எல்.சி பேசுவது இந்த வழியில் மட்டும்தான். திருப்பும் கட்டளைக்கு இந்த வழியில் இடமில்லை. அது வேறொரு போர்ட்டில், வேறொரு மொழியில் போக வேண்டும். பழைய அனலாக் கேமராக்களில் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும்: படத்துக்கு ஒரு கோஆக்ஸ் கேபிள், கட்டளைக்கு ஆர்.எஸ்-485 எனும் இரண்டு மெல்லிய கம்பிகள். பிற்பாடு வந்த எச்.டி அனலாக் கேமராக்கள் சிலவற்றில் கட்டளையும் அதே கோஆக்ஸ் வழியாகவே ஏறிப் போகிறது. அப்படிப்பட்ட கேமராவுக்கு டி.வி.ஆர் மெனுவில் ஆர்.எஸ்-485 என்று தேர்ந்தெடுத்தால் எத்தனை மணி நேரம் போராடினாலும் அசையாது. கோஆக்ஸ் கட்டுப்பாடு என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## கேமரா எந்த மொழி பேசுகிறது?

மென்பொருள் தேடுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் கீழே உள்ள ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

1. பெல்கோ-டி, பெல்கோ-பி. கலிஃபோர்னியாவில் 1957-ல் தொடங்கிய பெல்கோ நிறுவனம் தன் கேமராக்களுக்காக உருவாக்கிய மொழிகள். மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டதால் கம்பி வழி கேமராக்களின் பொதுமொழியாகவே ஆகிவிட்டன.

2. விஸ்கா. சோனி உருவாக்கியது. வகுப்பறை, தேவாலயம், கூட்ட அரங்கு, நேரலை ஒளிபரப்பு என்று ஆட்கள் பேசும் இடங்களில் உள்ள கேமராக்கள் பெரும்பாலும் இதைப் பேசும். பாதுகாப்புக் கேமராக்களில் குறைவு.

3. ஆன்விஃப். ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய அமைப்பின் பொதுத் தரம். இன்றைய ஐ.பி கேமராக்களுக்கு முதலில் முயல வேண்டியது இதுதான்.

4. நிறுவனத்தின் சொந்த இணைய முகவரிகள். ஆக்சிஸ் கேமராக்களில் இதற்கு வேபிக்ஸ் என்று பெயர், ஹிக்விஷனில் ஐசாப்பி. குறிப்பிட்ட ஒரு முகவரியை உலாவியில் திறப்பது போலக் கேட்டாலே கேமரா திரும்பும். எழுதுவதற்கு மிக எளிது. ஆனால் நிறுவனம் மாறினால் எழுதியது பயன்படாது.

5. செயலி மட்டும். கட்டளை கைபேசியிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து கேமராவுக்கு வரும் வகை. மொழி வெளியிடப்படாதது. இந்த வகைக்குக் கணினி மென்பொருள் தேடுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஐந்தாவது வகை என்று முடிவு கட்டுமுன் அமைப்புகளை ஒருமுறை நன்றாகத் துழாவிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, டி.பி-லிங்கின் டாப்போ வரிசையில் சி-200 போன்ற மாதிரிகளுக்குச் செயலிக்குள் ‘கேமரா கணக்கு’ என்று தனியாக ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கினால், ஆன்விஃப் வழி 2020-ஆம் போர்ட்டில் திறந்துவிடும். ஹிக்விஷன் கேமராக்களில் ஆன்விஃப் அணைக்கப்பட்டே வரும். அதை இயக்கி, அதற்கென்று தனிப் பயனரையும் சேர்க்க வேண்டும். இந்த ஒரு படி தெரியாமல் ‘இந்த மென்பொருள் சரியில்லை’ என்று தூக்கிப்போட்டவர்கள் நிறையப் பேர்.

## ஏழு எண்களில் ஒரு கட்டளை

பெல்கோ-டி எவ்வளவு எளிமையானது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தத் துறையின் மற்ற எல்லாமே புரியும். ஒரு கட்டளை என்பது ஏழு பைட்டு, அதாவது 0 முதல் 255 வரையுள்ள ஏழு எண்கள். ஆவணங்களில் இவை பதினாறடிமானத்தில் இருக்கும். இங்கே வழக்கமான பதின்ம எண்களிலேயே தருகிறேன். முகவரி 1 கொண்ட கேமராவை இடப்பக்கம் திருப்பச் சொல்வது இப்படி:

255, 1, 0, 4, 32, 0, 37

முதல் எண் 255 என்றால் ‘கட்டளை தொடங்குகிறது’. அடுத்த 1 கேமராவின் முகவரி. மூன்றாவது எண் ஐரிஸ் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திறப்பு) போன்ற மற்ற வேலைகளுக்கு. நான்காவதுதான் திசை: வலம் 2, இடம் 4, மேல் 8, கீழ் 16, ஜூம் கிட்டக் கொண்டுவர 32, விலக்க 64. ஐந்தாவது பக்கவாட்டு வேகம், ஆறாவது மேல்-கீழ் வேகம். இரண்டுக்கும் உச்சம் 63, பக்கவாட்டில் மட்டும் அதிவேகத்துக்கு 255. கடைசி எண் சரிபார்ப்பு: இரண்டாவது முதல் ஆறாவது வரை கூட்டி, 255-ஐத் தாண்டினால் 256-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் போட வேண்டும். 1+0+4+32+0 = 37. சரியாக வருகிறதா?

திசை எண்கள் இரட்டிப்பாக ஏறுவதற்குக் காரணம் உண்டு. இரண்டைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து நடக்கும். இடப்பக்கமாகவும் மேலாகவும் போக 4+8 = 12. கட்டளை: 255, 1, 0, 12, 32, 32, 77. சேமித்து வைத்த ஐந்தாம் நிலைக்குப் போகச் சொல்ல: 255, 1, 0, 7, 0, 5, 13. இந்தச் சேமித்த நிலையைத்தான் பிரிசெட் என்கிறார்கள்.

நிறுத்த? 255, 1, 0, 0, 0, 0, 1. எல்லாத் திசையும் பூஜ்யம்.

ஒன்றைக் கவனியுங்கள்: ‘இடப்பக்கம் பத்து டிகிரி திரும்பு’ என்று மேலே எங்கேயும் சொல்லவில்லை. ‘திரும்பத் தொடங்கு’ என்றுதான் சொன்னோம். நிற்கச் சொல்லும் வரை அது திரும்பிக்கொண்டே இருக்கும். சில மாதிரிகள் கொஞ்ச நேரம் கழித்துத் தாமாகவே நிற்கும், ஆனால் அதை நம்பி எழுத முடியாது. போதாக்குறைக்கு, சாதாரணமாக இழுக்கும் இரண்டு கம்பி இணைப்பில் கேமரா பதில் சொல்வதில்லை. நிறுத்தக் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய மென்பொருளுக்குத் தெரியாது.

விஸ்கா இந்த இடத்தில் மேலானது. கட்டளையைக் கேமரா ஏற்றுக்கொண்டால் 144, 65, 255 என்று பதில் வரும். முடித்தால் 144, 81, 255. பதில் வரவில்லையென்றால் மீண்டும் அனுப்பலாம்.

கம்பி இணைப்பில் அசையாத கேமராவுக்குப் பார்க்க வேண்டியவை நாலைந்துதான். பாட் வேகம் இரு பக்கமும் ஒன்றா: பெல்கோ-டி-க்கு 2400, பெல்கோ-பி-க்கு 4800 என்பது வழக்கம், ஆனால் கேமராவின் சிறு சுவிட்சுகளில் எதுவும் வைத்திருக்கலாம். முகவரி ஒன்றா: பெல்கோ-பி கம்பியில் முகவரியைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, எனவே கேமராவில் 1 என்று வைத்தால் அனுப்ப வேண்டியது 0. இரு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றனவா: மாற்றிப் பார்த்தால் கேமரா கெட்டுவிடாது, துணிந்து மாற்றலாம். தூரம் அதிகமென்றால் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை இருக்கிறதா. ஆர்.எஸ்-485 சுமார் 1200 மீட்டர் வரை போகும் என்று சொல்வது இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால்தான்.

## கேமரா ஏன் தாண்டிப் போய் நிற்கிறது

சரி, கேமரா அசைகிறது. அடுத்த புகார்: பொத்தானை விட்ட பிறகும் ஓடுகிறது, வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. இதற்கு மூன்று காரணங்கள், மூன்றுக்கும் கணக்கு இருக்கிறது.

1. கட்டளை நெரிசல். 2400 வேகத்தில் ஒரு பைட்டுக்குப் பத்து பிட்டு என்று வைத்தால் ஏழு பைட்டுக்கு 70 பிட்டு. அனுப்ப ஏறத்தாழ 29 மில்லிநொடி ஆகும். ஒரு நொடிக்கு முப்பத்துநாலு கட்டளைக்கு மேல் கம்பியில் போகாது. ஜாய்ஸ்டிக் நொடிக்கு ஐம்பது முறை தன் நிலையைச் சொல்கிறது, மென்பொருள் ஒவ்வொன்றையும் அப்படியே அனுப்புகிறது என்றால், ஒவ்வொரு நொடியும் பதினாறு கட்டளை வரிசையில் தேங்கும். மூன்று நொடி திருப்பிவிட்டுக் கையை எடுத்தால், தேங்கியவை எல்லாம் போய் முடிந்த பிறகுதான், அதாவது ஒன்றேகால் நொடிக்கும் மேல் கழித்துத்தான், ‘நில்’ என்பது கேமராவுக்கே போகும். தீர்வு எளிது: நிலை மாறினால் மட்டும் அனுப்ப வேண்டும், ‘நில்’ வந்தால் வரிசையில் காத்திருப்பதையெல்லாம் அழித்துவிட்டு அதை முதலில் அனுப்ப வேண்டும். ஐ.பி கேமராவிலும் இதே நோய் உண்டு. முந்தைய கட்டளைக்குப் பதில் வரும் முன்பே அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால் கேமராவுக்குள் இருக்கும் சின்னச் சில்லு திணறிப்போகும்.

2. படத்தின் தாமதம். கேமரா படத்தைச் சுருக்கி, நெட்வொர்க்கில் அனுப்பி, கணினி அதை விரித்துக் காட்டுவதற்குள் அரை நொடி ஆவது சாதாரணம். இயக்குபவர் பார்ப்பது அரை நொடிக்கு முந்தைய காட்சி. ‘வந்துவிட்டது’ என்று அவர் கையை எடுக்கும்போது கேமரா ஏற்கெனவே அதைக் கடந்திருக்கும். திருப்பும்போது பார்ப்பதற்கென்று தாங்கு நினைவகம் குறைந்த, சிறிய இரண்டாம் படவோட்டத்தைப் பயன்படுத்தினால் தாமதம் நன்றாகக் குறையும்.

3. ஜூம். முன்னிரண்டையும் பெரிதாக்கிக் காட்டுவது இதுதான். சாதாரணமாகக் கிடைக்கும் 25 மடங்கு ஜூம் கேமராவில் லென்ஸ் 4.8 மில்லிமீட்டரிலிருந்து 120 வரை போகும். அகலப் பார்வையில் கிடைமட்டமாக 58 டிகிரியை ஒட்டித் தெரியும். முழு ஜூமில் இரண்டரை டிகிரிதான். நூறு மீட்டர் தூரத்தில் அந்த இரண்டரை டிகிரி என்பது நாலரை மீட்டருக்கும் குறைவான அகலம், ஒரு கார் அடங்கும் அளவு. நொடிக்குப் பத்து டிகிரி என்ற சாதாரண வேகத்தில் அரை நொடி தாமதமானால் கேமரா ஐந்து டிகிரி தாண்டியிருக்கும். அகலப் பார்வையில் அது சின்ன நகர்வு. முழு ஜூமில் பார்க்க வந்த கார் படத்தை விட்டே போய்விடும். ஆகவே ஜூம் ஏற ஏற வேகத்தைக் குறைக்க வேண்டும். நல்ல கேமராக்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. செய்யாத கேமராவுக்கு மென்பொருள் செய்ய வேண்டும்.

## ஆன்விஃப்: என்ன தருகிறது, எங்கே சறுக்குகிறது

ஆன்விஃப்பில் கட்டளைகள் எக்ஸ்.எம்.எல் என்ற குறியீட்டு உரை வடிவத்தில், வலைப்பக்கங்கள் வரும் அதே எச்.டி.டி.பி வழியே போகின்றன. எண்களின் அளவுகோல் பொதுவாக -1 முதல் +1 வரை. ஜூம் நிலைக்கு மட்டும் 0 முதல் 1 வரை. நகர்வில் மூன்று வகை. தொடர் நகர்வு என்பது மேலே சொன்ன ‘திரும்பத் தொடங்கு’. நேர்நிலை நகர்வு என்பது ‘இந்த இடத்துக்குப் போ’. சார்பு நகர்வு என்பது ‘இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு போ’. மோட்டார் உள்ள கேமராக்களில் தொடர் நகர்வைத்தான் நிச்சயமாக எதிர்பார்க்கலாம். மற்ற இரண்டும் கேமராவைப் பொறுத்தவை. எது இருக்கிறது என்று கேமராவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டு, முதலில் அதைக் கேட்க வேண்டும்.

நிறுத்தும் சிக்கலுக்கு ஆன்விஃப் ஒரு நல்ல மருந்து வைத்திருக்கிறது. தொடர் நகர்வுக் கட்டளையோடு ‘இத்தனை நொடி’ என்று ஒரு கால வரம்பையும் அனுப்பலாம். ஒரு நொடி வரம்பு வைத்து, பொத்தான் அழுத்தியிருக்கும் வரை அரை நொடிக்கு ஒருமுறை அதையே மீண்டும் அனுப்பினால், நடுவில் நெட்வொர்க் அறுந்தாலும் கேமரா ஒரு நொடிக்குள் நின்றுவிடும். மலிவான சில கேமராக்கள் இந்த வரம்பைக் கண்டுகொள்வதில்லை. அதனால் பொத்தானை விட்டதும் தனியாக ‘நில்’ அனுப்புவதையும் கைவிடக் கூடாது.

சறுக்கும் இடங்களில் மூன்று மட்டும் முக்கியம்.

முதலாவது, கடிகாரம். ஆன்விஃப் உள்நுழைவில் கடவுச்சொல்லோடு அந்த நொடியின் நேரத்தையும் ஒரு தற்செயல் எண்ணையும் சேர்த்துக் குழைத்து அனுப்புகிறார்கள். கேமராவின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் அதிகம் விலகியிருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் ‘அனுமதி இல்லை’ என்ற பதில்தான் வரும். மின்சாரம் போய் வந்ததும் தேதியை மறந்துவிடும் கேமராக்களில் இது அடிக்கடி நடக்கும். கேமராவின் நேரத்தைக் கேட்பதற்கு மட்டும் உள்நுழைவு தேவையில்லை. அதைக் கேட்டு, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்த நேரத்தையே உள்நுழைவில் போடலாம். வீட்டு ரவுட்டரிலோ கணினியிலோ என்.டி.பி நேர சேவையை வைத்து எல்லாக் கேமராவையும் அதோடு இணைத்துவிடுவது இன்னும் நல்லது.

இரண்டாவது, கண்டுபிடிப்பு. ‘கேமராக்களைத் தேடு’ என்ற பொத்தான் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு 3702-ஆம் போர்ட்டில் குரல் கொடுக்கிறது. இந்தக் குரல் வழக்கமாக ரவுட்டரைத் தாண்டாது. கேமராக்கள் தனி நெட்வொர்க்கில் இருந்தால் பட்டியல் காலியாகத்தான் வரும். அப்போது கேமராவின் ஐ.பி முகவரியையும் போர்ட்டையும் கையால் கொடுக்க வேண்டும். போர்ட் 80, 8080, 8899, 2020 என்று ஒவ்வொரு கேமராவிலும் ஒரு மாதிரி இருக்கும்.

மூன்றாவது, பெட்டியின் மேல் அச்சிட்ட வாசகம். ‘ஆன்விஃப்’ என்று அச்சிட்டிருப்பதும் அந்த அமைப்பின் இணையதளப் பட்டியலில் மாதிரி எண் இருப்பதும் ஒன்றல்ல. படம் வரும், திருப்ப வராது என்ற அரைகுறைக் கேமராக்கள் இந்த இடைவெளியில்தான் விற்கின்றன. வாங்குமுன் மாதிரி எண்ணைப் பட்டியலில் தேடிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

## தயாராகக் கிடைப்பவை

கேமரா நிறுவனத்தின் கணினி மென்பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹிக்விஷனுக்கு ஐவிஎம்எஸ்-4200, டாஹுவாவுக்கு ஸ்மார்ட்பிஎஸ்எஸ் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே நிறுவனக் கேமராக்கள்தான் என்றால் வேறெங்கும் போகத் தேவையில்லை.

பல நிறுவனக் கேமராக்கள் கலந்திருந்தால்:

- விண்டோஸில் ஆன்விஃப் டிவைஸ் மேனேஜர். திறந்த மூலம், பழைய மென்பொருள். அன்றாடம் பார்ப்பதற்கு ஏற்றதல்ல. ஆனால் கேமராவின் ஆன்விஃப் வேலை செய்கிறதா என்று சோதிக்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. இதில் திரும்பாத கேமரா மற்ற மென்பொருளிலும் திரும்புவது அரிது.
- லினக்ஸில் சோன்மைண்டர், 2002 முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள். ஒவ்வொரு கேமரா மொழிக்கும் பெர்ல் மொழியில் ஒரு தனிக் கோப்பு. உங்கள் கேமராவுக்கு இல்லையென்றால் இருக்கும் ஒன்றை நகலெடுத்து முகவரிகளை மாற்றி எழுதிக்கொள்ளலாம். எழுதக் கற்றுக்கொள்ளவும் நல்ல இடம்.
- விண்டோஸில் புளூ ஐரிஸ், கட்டண மென்பொருள். கேமரா வகைகளின் நீண்ட பட்டியல் உள்ளேயே இருக்கிறது.
- ஏஜென்ட் டி.வி.ஆர், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.
- ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளைத் தானியங்கியாக இயக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் அதன் ஆன்விஃப் இணைப்பிலேயே திருப்பும் கட்டளையைக் கொடுக்கலாம். ‘கேட் திறந்தால் மூன்றாம் நிலைக்குத் திரும்பு’ போன்ற வேலைகளுக்கு இது போதும்.

## சொந்தமாக எழுதுவதென்றால்

எழுத வேண்டிய தேவை உண்மையிலேயே வருவது இரண்டு மூன்று இடங்களில்தான்: அரைக்கோள மூடியுள்ள பழைய டோம் கேமராவைக் கணினியோடு நேரடியாக இணைக்கும்போது, வேறொரு கருவியின் சமிக்ஞைக்குக் கேமரா திரும்ப வேண்டும் என்கிறபோது, அல்லது பலர் ஒரே கேமராவைப் பகிரும்போது. பைத்தான் நிரல்மொழி போதும். கம்பிக்கு ஒரு யு.எஸ்.பி–ஆர்.எஸ்-485 மாற்றியும் பைசீரியல் நூலகமும். ஆன்விஃப்புக்கு ஆயத்த நூலகங்கள் உண்டு, எக்ஸ்.எம்.எல்லைக் கையால் கட்ட வேண்டாம்.

எழுதும் வரிசையில் ஒரு பிடிவாதம் வேண்டும். முதலில் எழுத வேண்டிய செயற்கூறு ‘நில்’. இரண்டாவது, மென்பொருள் மூடப்படும்போதும் பிழை நேரும்போதும் சாளரத்தின் கவனம் வேறு பக்கம் போகும்போதும் ‘நில்’லைத் தானாக அழைக்கும் ஏற்பாடு. அம்பு விசையை அழுத்திக்கொண்டே இருக்கையில் வேறு சாளரம் குறுக்கே வந்தால், விசையை விட்ட செய்தி உங்கள் மென்பொருளுக்கு வரவே வராது. கேமரா சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம் ஒரு திசை, அப்புறம் பிரிசெட், கடைசியில் பொத்தான்களும் அழகும்.

பலர் இயக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல் வரும். காவலாளி இடப்பக்கம் திருப்புகிறார், மேலாளர் தன் அறையிலிருந்து வலப்பக்கம், நடுவில் தானாகச் சுற்றும் ரோந்து வேறு. கேமரா கடைசியாக வந்த கட்டளையைக் கேட்கும், அவ்வளவுதான். யார் பெரியவர் என்று அதற்குத் தெரியாது. எனவே எல்லோரும் நேரடியாகக் கேமராவோடு பேசாமல் நடுவில் ஒரே ஒரு நிரல் பேச வேண்டும். ஒருவர் கையில் எடுத்தால் மற்றவர்களுக்குச் சிறிது நேரம் பூட்டு, ரோந்து நிற்கும், ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் கேமரா தன் வீட்டு நிலைக்கு, அதாவது வழக்கமாகப் பார்த்திருக்க வேண்டிய இடத்துக்கு, திரும்பும். இந்தக் கடைசி ஏற்பாடு சின்னதாகத் தெரியலாம், ஆனால் இதை விட்டுவிடவே கூடாது. மோட்டார் கேமரா ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கும். யாரோ மரத்தைப் பார்த்தபடி விட்டுப்போன கேமரா, இரவு வாசலில் நடந்த திருட்டைப் பதிவு செய்யாது. முக்கியமான வாசலுக்கு ஒரு நிலையான கேமராவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

மின்வெட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் கேமரா ஒருமுறை முழுக்கச் சுற்றித் தன் பூஜ்யப் புள்ளியைத் தேடிக்கொள்ளும். அது முடியும் முன் அனுப்பும் கட்டளைகள் வீணாகும். தொடர்பு மீண்ட பிறகு சற்றுப் பொறுத்து வீட்டு நிலைக்கு அனுப்பும்படி எழுதுவது நல்லது.

## ஆளைத் தானாகப் பின்தொடர்வது

நடந்து போகும் ஆளைக் கேமராவே தொடர வேண்டும் என்பது இப்போது பலரின் ஆசை. திறந்த மூலக் கேமராப் பதிவு மென்பொருளான ஃபிரிகேட்டில் 0.13 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் அது எல்லா ஆன்விஃப் கேமராவிலும் நடக்காது. படச்சட்டத்தை அளவாகக் கொண்ட சார்பு நகர்வைக் கேமரா புரிந்துகொள்ள வேண்டும். தான் இப்போது நகர்கிறதா நின்றுவிட்டதா என்று உண்மையாகச் சொல்லவும் வேண்டும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஆள் படத்தின் நடுவிலிருந்து கால் பங்கு அகலம் விலகி நிற்கிறார் என்று கண்டுபிடிப்பு நிரல் சொல்கிறது. அகலப் பார்வையில் கால் பங்கு என்றால் ஏறத்தாழ பதினாலரை டிகிரி, முழு ஜூமில் அரை டிகிரிக்குச் சற்றே மேல். கேமராவுக்குத் தன் பார்வை அகலம் தெரிந்து, படத்தின் பங்கைத் தானே டிகிரியாக மாற்றிக்கொண்டால்தான் சரியான இடத்தில் நிற்கும். இன்னொன்று: கேமரா நகரும்போது படம் முழுவதுமே அசைகிறது, அசைவை வைத்துக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு எல்லாமே ஆளாகத் தெரியும். ‘நின்றுவிட்டேன்’ என்று கேமரா சொன்ன பிறகுதான் அடுத்த கணக்கைப் போட முடியும். அந்த நிலையைத் தவறாகச் சொல்லும் கேமராவில் பின்தொடர்தல் என்பது இடமும் வலமுமாக ஆடுவதாகவே முடியும்.

## வெளியிலிருந்து இயக்குவது

ஊருக்குப் போயிருக்கும்போதும் இயக்க வேண்டும் என்று ரவுட்டரில் கேமராவின் போர்ட்டைத் திறந்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்ய வேண்டாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்றே உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் பிடித்தது, அவற்றை ஏவி அந்த அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை ஐ.பி முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் சேவையை முடக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. மோட்டார் கேமராவில் ஆபத்து இன்னும் கூடுதல்: உள்ளே நுழைந்தவர் பார்ப்பதோடு நிற்காமல் தனக்கு வேண்டிய பக்கம் திருப்பவும் முடியும்.

வழிகள் தெரிந்தவைதான். கேமராக்களுக்குத் தனி நெட்வொர்க், வெளியிலிருந்து வி.பி.என் வழியாக மட்டும் நுழைவு, ஆன்விஃப்புக்கு நிர்வாகியல்லாத தனிப் பயனர், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்களுக்கு அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். அண்டை வீட்டு ஜன்னல் பக்கம் திரும்ப முடியாதபடி கேமராவுக்குள்ளேயே திரும்பும் எல்லையை வைத்துவிடுவதும் இதே பட்டியலில் சேர வேண்டியது. மென்பொருளில் வைத்த எல்லையை வேறொரு மென்பொருள் மீறிவிடும்.

## ஒப்படைக்கும் முன் நான்கு சோதனை

தேர்ந்தெடுத்ததாயினும் எழுதியதாயினும், மென்பொருளை இயக்குபவர் கையில் கொடுக்கும் முன் இவற்றைச் செய்து பார்க்க வேண்டும்.

1. கேமரா திரும்பிக்கொண்டிருக்கும்போது கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். சில நொடிகளில் நிற்க வேண்டும்.
2. திரும்பிக்கொண்டிருக்கும்போது மென்பொருளைக் கட்டாயமாக மூடுங்கள். அப்போதும் நிற்க வேண்டும். ‘நில்’ அனுப்ப மென்பொருளுக்கு வாய்ப்பே கிடைக்காத நிலை இது. கேமராவின் கால வரம்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று இதில்தான் தெரியும்.
3. முழு ஜூமில் ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டைப் படத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று தட்டலில் முடிய வேண்டும்.
4. கேமராவின் மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு பிரிசெட்டும் பழைய இடத்தையே காட்டுகிறதா என்று பாருங்கள்.

முதலிரண்டில் தவறும் கேமராவைக் கம்பி வழியாக இயக்குவதென்றால், இடையில் ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலரை (நிரல் ஏற்றக்கூடிய சில்லு) வைக்கலாம். கணினியிலிருந்து ஒரு நொடி செய்தி வரவில்லையென்றால் அந்த ஏழு எண்களை, 255, 1, 0, 0, 0, 0, 1 என்று, அதுவே அனுப்பிவிடும். ஐ.பி கேமராவென்றால் அதே வேலையை அருகில் எப்போதும் இயங்கும் ஒரு ராஸ்பெரி பை சிறுகணினி செய்யும்.